கொற்கைக்குக் கட்டணமில்லை

ரதவீதியில் கவரிங் கடை.
நான் நிற்பது முத்துமாலை கவுண்டரில்.
பெட்டிக்குப் பெட்டி ஒரே லேபிள்: கொற்கை முத்து.
மாலை சீனாவிலிருந்து கன்டெய்னரில் வருகிறது,
லேபிள் மேலப்பாளையத்தில் அச்சாகிறது.

நாலு மாலையைக் கழுத்தில் வைத்துப் பார்த்துவிட்டு
ஒன்றும் வாங்காத டீச்சர் கேட்டார்,
"கொற்கை எங்கம்மா இருக்கு?"
"தூத்துக்குடிப் பக்கம்" என்றேன்.
ஆறு வருசமாக விற்கிறேன்.
பக்கம் என்றால் எந்தப் பக்கம்?

செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு.
ஊறவைத்த துணியை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

புது பஸ் ஸ்டாண்டில் ஏரல் வண்டி.
ஜன்னல் சீட்டெல்லாம் கைக்குட்டைகள் உட்கார்ந்திருந்தன,
ஆட்கள் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.
செய்துங்கநல்லூரில் ரயில்வே கேட்.
திருச்செந்தூர் ரயில் போன பிறகும்
கேட் கொஞ்சம் யோசித்துவிட்டே திறந்தது.
பிறகு இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் வாழை.
ஸ்ரீவைகுண்டம் பாலம் தாண்டியதும்
எல்லாப் பக்கமும் வாழை.

ஏரல் வரைக்கும்தான் காசு.
அங்கே மாறினால் டவுன் பஸ், பெண்களுக்குச் சும்மா.
பாய்மரம் விரித்து வந்தவர்கள்
பொன்னை எண்ணி வைத்த ஊருக்கு
நான் கையை வீசிக்கொண்டு போகிறேன்.

"கொற்கையில யாரு வீட்டுக்கு?"
சீட்டைக் கிழித்தபடி கண்டக்டர்.
"கடலைப் பாக்க."
"கடலா? அது போயிட்டுல்லா."
முந்தின பஸ்ஸைச் சொல்வதுபோலச் சொன்னார்.

இறங்கினேன்.
வெயில். ஒரு குளம்.
வயது சொல்லாமல் சாய்ந்து நிற்கும் வன்னி மரம்.
தோண்டிப் பார்த்த குழிகளை மூடியிருந்தார்கள்,
மேலே வாழைக்கன்று என் இடுப்புயரம்.
மடை திருப்பிக்கொண்டிருந்தவர்
மண்வெட்டி நுனியால் எதையோ தள்ளினார்.
சிப்பி. தொட்டால் உதிரும் வெள்ளை.
"வேணும்னா அள்ளிட்டுப் போங்க,
வாழைக்கு ஆகாது."

கப்பல் இல்லை, கலங்கரை விளக்கம் இல்லை.
நங்கூரம் விழுந்த இடம் இதுதானோ என்று
நானாக நினைத்துக்கொண்ட இடத்தில்
ஒரு பம்புசெட் இருமிக்கொண்டிருந்தது.
ஏமாற்றம்தான், மறைப்பானேன்.
கட்டி வந்த புளிச்சோற்றை நின்றபடியே தின்றேன்.

ரெண்டு மணி வண்டி வரவில்லை.
நிறுத்தத்தில் அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துப் போட்டு
அதன்மேல் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.
பெயர் பிலோமியா, ஊர் புன்னைக்காயல்.
"தெனமும் வருவேன். சாளை, காரல்,
கெடச்சா சீலா.
இன்னைக்கு நாலு வீட்டுல கடன் சொல்லிட்டாளுவ."
காற்று இந்தப் பக்கம் திரும்பியது.
அப்போதுதான் மூக்கில் ஏறியது உப்பு.

"நீ என்ன வேலை பாக்க?"
"முத்து விக்கேன்."
என் காதையே பார்த்தாள். "கழட்டு."
கொடுத்தேன்.
முன்பல்லில் வைத்து உரசினாள்,
கண்ணை மூடிக்கொண்டு, சத்தம் கேட்பவள்போல.
"வழுக்குது. நெசம்னா மணல் மாதிரி நறநறங்கும்."
முந்தானையில் துடைத்துத் திருப்பித் தந்தாள்.
"ஆனா உனக்கு நல்லாத்தான் இருக்கு."

மூன்றே முக்காலுக்கு பஸ்.
"மீன்சட்டி பின்னால!" என்று விசில்.
நானும் பின்னாலேயே போய் நின்றேன்.
ரெண்டு பேருக்கும் ஒரே நிறத்துச் சீட்டு,
ரெண்டிலும் விலை பூஜ்யம்.
ஏரலில் அவளுக்காக வட்டிக்காரன் நின்றிருந்தான்.
என்னிடம் சொல்லிக்கொள்ளாமல்
அடுத்த வாசல் வழியே இறங்கிப் போனாள்.

புதன்கிழமை.
கல்யாணப் பெண்ணோடு வந்த அத்தை
மாலையைத் தூக்கிப் பிடித்து, "ஒரிஜினலா?"
சோப்புப் போட்டும் போகவில்லை,
தோட்டில் லேசாகச் சாளை வாடை.
"இல்லை" என்றேன்.
கல்லாவில் முதலாளி நிமிர்ந்தார்.
"பின்னே கொற்கைன்னு போட்டிருக்கே, அது எங்க?"
"ஏரல்ல எறங்கி டவுன் பஸ்.
மத்தியானத்துக்குள்ள போனா
கடல் இருக்கும்."